நாற்பத்து நான்கு அங்குலக் கவலை

"சொல்லுங்கய்யா... எத்தனை மாசமா இந்தப் பிரச்சினை?"

டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். எனக்கு வயது எழுபத்தொன்று. பிரச்சினை என்னுடையதல்ல – பக்கத்து நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த என் தங்கை மகன் துரைசாமியுடையது!

துரைசாமிக்குப் பல்லடத்தில் இருபத்து நான்கு விசைத்தறிகள். வயது முப்பத்தொன்பது. அன்று காலை கோவையில் என் வீட்டுக்கு வந்தவன் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தான். பதினோரு நிமிடம் மழையைப் பற்றிப் பேசினான். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

"மாமா... ஒடம்புல ஒரு கொறைங்க. சரோஜா தலவாணிய எடுத்துக்கிட்டுப் போயி புள்ளைங்க ரூம்புல படுத்துக்கறாளுங்க. அஞ்சு மாசமாச்சு. 'என்னையப் புடிக்கலீன்னா சொல்லிப்போடுங்க, எங்கம்மா ஊட்டுக்குப் போயர்றேன்'ங்கறா. புடிக்காம இல்லீங்க மாமா... முடியலீங்க."

கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

உக்கடம் பக்கம் ஒரு லாட்ஜில் மாதம் ஒரு நாள் யாரோ ஒரு வைத்தியர் வந்து உட்காருவாராம். அவரிடம் மூன்று மாதம் லேகியம் வாங்கித் தின்றிருக்கிறான். நெய் வழிய வழியக் கிண்டிய லேகியம். கூடவே, தெம்புக்காக, தினம் நான்கு முட்டை, அரை லிட்டர் எருமைப் பால். பலன்? பெல்ட்டில் இரண்டு ஓட்டை தள்ளிப் போட வேண்டியதாயிற்று. வேறு எந்த முன்னேற்றமும் இல்லை.

சரி, நல்ல டாக்டரிடம் போகலாம் என்று கிளம்பினோம். என்னை எதற்குக் கூப்பிட்டான் என்பது கிளினிக்கில்தான் புரிந்தது. தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்... 'மாமாவுக்கு ஒடம்பு செரியில்லீங்க' என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? சீட்டில் பெயரையும் என் பெயராகவே எழுதிக் கொடுத்திருந்தான் மகானுபாவன்!

"எனக்கில்லைங்க டாக்டர், இவனுக்கு" என்றேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. டேப்பை எடுத்துத் துரைசாமியின் வயிற்றைச் சுற்றினார். நாற்பத்து நான்கு அங்குலம்.

எங்கள் பக்கத்தில் தொப்பை விழுந்தால் 'நல்லா இருக்கறீங்க' என்பார்கள். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

"வயித்துல சேர்ற கொழுப்பு சும்மா உக்காந்திருக்காதுங்க. ஆம்பளைக்கு வேண்டிய ஹார்மோனைக் குறைச்சுப்போடும். ரத்தக் குழாயையும் கெடுக்கும். அங்க ரத்தம் ஒழுங்காப் போகலீன்னா, ஆசை இருந்தும் என்னங்க பண்ண முடியும்? சர்க்கரையும் பார்த்துடலாம்."

"மருந்து?"

"லேகியத்த நிறுத்துங்க. தினம் ஒரு மணி நேரம் நடங்க. அதுக்கு முன்னால வீட்டம்மாகிட்ட விஷயத்தச் சொல்லுங்க. அவங்க வேற என்னமோ நினைச்சுக்கிட்டிருப்பாங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி வாங்க."

இரண்டு வாரம் கழித்துப் போன் செய்தேன். தினம் எத்தனை கிலோமீட்டர்?

"நடக்க உட்டாத்தானுங்க மாமா!"

காலையில் ரோட்டில் இறங்கினால் போதுமாம், மொபெட் ஒன்று பக்கத்தில் வந்து நிற்கிறது. "ஏனுங்க, வண்டி ரிப்பேருங்களா? ஏறுங்க!" சும்மா நடக்கிறேன் என்றால் யார் நம்புவார்கள்? "அட, நாங்க இருக்கறப்ப நீங்க நடக்கறதுங்களா?" மறுத்தால் மனஸ்தாபம். ஏறுகிறான். இறக்கிவிட்டவர் சும்மா போவாரா? டீ, போண்டா. கணக்குக் கேட்டேன். பதினான்கு நாளில் பதினேழு லிஃப்ட், இருபத்தாறு போண்டா.

இத்தனை மரியாதையுள்ள ஊரில் ஒரு மனிதன் எப்படி மெலிவான்?

"சரோஜாகிட்டச் சொல்லீட்டயா?"

மறுபடி மழையைப் பற்றி ஆரம்பித்தான்.

"இன்னிக்குச் சொல்லலீன்னா நானே பஸ் ஏறி வந்து சொல்லிப்போடுவேன்."

சொல்லியிருக்கிறான். சரோஜா அழுதாளாம். "இதையாங்க மறைச்சு வெச்சீங்க? நான் வேற எவளோன்னு நெனச்சு வெந்துட்டிருந்தனே!" என்றாளாம். லேகிய டப்பாவைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். மறுநாள் காலை செருப்பை மாட்டிக்கொண்டு அவளும் கூட நடக்கக் கிளம்பிவிட்டாள்.

அதோடு லிஃப்ட் நின்றது. மொபெட்டில் பின்னால் இருப்பது ஒரே சீட். புருஷனை மட்டும் ஏற்றிக்கொண்டு பெண்டாட்டியை ரோட்டில் விட்டுப் போகிற அளவுக்கு மரியாதை கெட்டவர்கள் பல்லடத்தில் கிடையாது. தினம் ஒரு மணி நேரம். ஐந்து மாதம் பேசாமல் வைத்திருந்ததை எல்லாம் இருவரும் ரோட்டிலேயே பேசித் தீர்த்தார்கள்.

மூன்று மாதம் முடிந்தது. டாக்டரிடம் மறுபடி போக வேண்டுமே என்று எனக்குக் கவலை. போன ஞாயிறு போன் போட்டேன். பன்னிரண்டு தடவை மணி அடித்த பிறகுதான் எடுத்தான்.

"இடுப்பு இப்ப எத்தன அங்குலம்ப்பா?"

"நாப்பத்தொண்ணுங்க மாமா."

"சர்க்கரை மறுபடி பார்க்கோணுமே?"

"செவ்வாக்கெழம போறமுங்க."

"அந்த... இன்னொரு விஷயம்?"

பின்னால் வளையல் சத்தம். யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம்.

"புள்ளைங்கள அவங்க அம்மாயி ஊட்டுக்கு அனுப்பிச்சிருக்கறமுங்க மாமா... அப்பறமா நானே கூப்படறேனுங்க."

டொக்.

கடிகாரத்தைப் பார்த்தேன். மதியம் இரண்டரை. போண்டாவைக்கூட எண்ணுகிற நான், போன் போடும் முன் மணியைப் பார்த்திருக்க வேண்டாமா?