காணாமற்போன பதினாறு பக்கமும் மூதூர்ப் பார்சலும்

நாவல் எழுதுகிறவனுக்கு எதிரி விமர்சகன் இல்லை, வாசித்து முடித்தவன்தான். என்னைப்போல எழுதி மாட்டுப்பட்டவர்களுக்கு இது விளங்கும்.

என் நாவலில் அந்தோனி என்றொருவன். மனைவி பிள்ளைகளோடு திருகோணமலையில் இருக்கிறவன், வியாழன்தோறும் ஒரு பார்சலோடு மூதூருக்குப் போகிற லோஞ்சுப் படகில் ஏறுவான். யாருக்கென்று மனைவிக்குச் சொல்லமாட்டான். எட்டாம் அத்தியாயத்தில் நான் அதைத் தெளிவாக எழுதியிருந்தேன். அச்சகத்தில் அந்த அத்தியாயத்தின் பதினாறு பக்கத்தை விட்டுவிட்டுப் புத்தகத்தைக் கட்டிப்போட்டார்கள். 112க்குப் பிறகு 129! ஒருத்தருடைய கண்ணிலாவது படவேண்டாமா? பாதியில் நிற்கிற வசனத்தைப் புதுமை உத்தி என்று மெச்சுகிறார்கள். போதாக்குறைக்கு, நானும் முன்பு வேலை அலுவலாய் வியாழக்கிழமைகளில் மூதூர் போய்வந்தனான். என் மனைவி ஜெசிந்தா புத்தகத்தை வாசித்த நாளிலிருந்து என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

மீன் சந்தையில்

பாரை மீன் கேட்டேன். மீன்காரர் கத்தியை வைத்துவிட்டு, "முதல்ல சொல்லுங்கோ, பார்சல் ஆருக்கு?" என்றார். பக்கத்துக் கடைக்காரர் அது கள்ளத் தொடுப்பு என்றார். மீன்காரரோ, "இல்லை, கடத்தல்" என்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. வெயிலில் நின்று பக்க எண்களோடு நடந்ததைச் சொன்னேன். மனுசன் சிரித்தார்.

"சேர், எழுத மறந்துபோட்டு அச்சகத்துக்காரனிலை பழியைப் போடாதேங்கோ."

கிளிவெட்டி வாசகர் வட்டத்தில்

இரண்டு மணித்தியாலம் வாதாடினார்கள். அந்தோனிக்கு இன்னொரு குடும்பம் என்று ஒரு கட்சி. அவன் கொலைகாரன், செத்தவன் வீட்டுக்குச் சாமான் கொடுக்கிறான் என்று மறுகட்சி. கொலையாம்! எறும்பைக்கூட மிதிக்காத அந்தோனியை நான் எவ்வளவு பாடுபட்டு எழுதினேன்! பொறுக்க ஏலாமல் எழுந்தேன். தலைமை தாங்கிய பள்ளிக்கூட ரீச்சர் கையைக் காட்டி இருத்தினா.

"நீங்கள் இருங்கோ, எழுதினவருக்கு இதிலை கதைக்க உரிமை இல்லை."

பாவசங்கீர்த்தனத்தில்

அச்சகத்தாரை வாயில் வந்தபடி திட்டிய பாவத்தைப் பாதிரியாரிடம் சொல்லி அழுதேன். வீட்டில் நிம்மதியில்லை சுவாமி, மனிசி என்னைச் சந்தேகப்படுகிறா என்றும் சொன்னேன். தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தார். ஆறுதல் வரப்போகிறது என்று காதைக் கொடுத்தேன்.

"இதை நான் சுவாமியாக் கேட்கேல்லை, வாசகனாக் கேட்கிறன்: மூதூரிலை இருக்கிறது ஆர்?"

வீட்டுக் குசினியில்

இனிப் பொறுக்கமுடியாது என்று அலுமாரியைத் திறந்து, கையால் எழுதிய அந்த அத்தியாயத்தை எடுத்து ஜெசிந்தாவிடம் கொடுத்தேன். அப்பாவை எதிர்த்துக் கலியாணம் முடித்துப்போன தங்கச்சிக்குத்தான் அந்தோனி ஒளிச்சுச் சாப்பாடு கொண்டுபோகிறான். அவ்வளவுதான் பாருங்கோ, இதுக்கா இந்தப் பாடு!

ஜெசிந்தா அடுப்பைக் குறைத்துவிட்டு, நின்றபடியே முழுவதையும் வாசித்தா. கண்கூடக் கலங்கியது. அப்பாடா, தப்பினேன் என்று கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். தாள்களை என் மடியில் வைத்துவிட்டு, இத்தனை நாளுக்குப் பிறகு முதன்முதலாக என் முகத்தைப் பார்த்தா.

"உங்களுக்குத் தங்கச்சியே இல்லை, நாலும் அண்ணன்மார், அப்ப நீங்கள் ஆருக்குக் கொண்டுபோனனீங்கள்?"

இரண்டாம் பதிப்பிலும் அந்தப் பதினாறு பக்கம் வேண்டாம் என்று அச்சகத்துக்கு நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.