டவர் தெரிந்த காலைகள்

நேற்றுக் காலை, கொழும்பிலிருந்து காரில் புறப்படப்போன என் அக்கா மகன் போனில் கேட்டான்: "சித்தி, கண்டில மழையா?"

"இரு, பாத்துட்டு வர்றேன்" என்று போனை மேசையில் வைத்துவிட்டு மாடித் தட்டுக்கு ஏறினேன். நாற்பதைத் தாண்டியதிலிருந்து என் முழங்கால்களுக்குப் படி என்றாலே ஆகாது. திட்டிக்கொண்டே ஏறி, மேற்குப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தால் பொடியன் இணைப்பைத் துண்டித்துவிட்டான். ஒரு படம் அனுப்பியிருந்தான். கண்டி என்று எழுதி, பக்கத்தில் ஒரு சூரியன், ஒரு குட்டி மேகம். "இதுலயே இருக்கு சித்தி. எதுக்கு மாடி ஏறுறீங்க?"

எதுக்கு ஏறுகிறேன் என்று அவனுக்கு என்னத்தைச் சொல்ல? நீங்கள் கேட்பீர்கள், உங்களுக்குச் சொல்கிறேன்.

மாடிப்படியில் பக்கத்து வீட்டு மண்ணெண்ணெய் அடுப்பின் வாசம் ஏறி வந்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு அது விமான வாசம். இருபத்துமூன்று வயதில் நான் பார்த்த முதல் வேலை, கண்டிக்கு வரும் விமானத்துக்கு வானிலை சொல்வது. இதைச் சொன்னால் எல்லோரும் "கண்டியில ஏது விமானம்?" என்றுதான் கேட்பார்கள். இருந்தது. மகாவலியை மறித்துக் கட்டிய பொல்கொல்லைத் தேக்கத்தில், சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு நீள மிதவைகளோடு வந்து இறங்கும். எட்டுப் பேர் ஏறலாம். பெரும்பாலும் வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள். இறங்கும்போது எரிந்த மண்ணெண்ணெய் வாசம் தண்ணீருக்கு மேலால் வந்து கரை முழுக்கப் பரவும். அப்போது என் நெஞ்சு நிறையும், அசட்டுத்தனமாகத்தான்.

எங்கள் விமான நிலையம் என்பது ஒரு மிதவை மேடை, ஒரு தகரக் கொட்டில், உட்கார மூன்று கதிரை, காற்றுத் திசை பார்க்கக் கம்பத்தில் கட்டிய ஒரு துணிக்குழாய், ஒரு படகு. ஊழியர் இரண்டு பேர். ஒன்று, தமிழ் சிங்களம் ஆங்கிலம் மூன்றும் பேசுவேன் என்ற ஒரே தகுதியில் சேர்ந்த நான். மற்றது படகோட்டி நசீர் நானா. என்னைவிட இருபது வயது மூத்தவர். அக்குறணைக்காரர். வாயைத் திறந்தால் நையாண்டி.

விமானி கெப்டன் குகன். சாவகச்சேரியில் பிறந்து, மாலைதீவில் பறந்து பழகி வந்தவர். தினமும் காலை ஏழு மணிக்குக் கொழும்பிலிருந்து போன் எடுப்பார். வணக்கம், சுகம் ஒன்றும் கிடையாது. "தங்கச்சி, கண்டி என்ன மாதிரி?"

முதல் வாரமே மானம் போனது. தேக்கம் அலையே இல்லாமல் வழவழவென்று கிடந்தது. "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு கெப்டன், சூப்பர்!" என்றேன், நானே துடைத்து வைத்த மாதிரிப் பெருமையோடு.

"ஐயோ, அது கூடாது தங்கச்சி. மேல இருந்து பாத்தா தண்ணி எங்க தொடங்குது எண்டே விளங்காது. நானாவைக் கலக்கச் சொல்லுங்கோ."

நசீர் நானா படகை முடுக்கிக்கொண்டு போய், விமானம் இறங்க வேண்டிய இடத்தில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வளைந்து வளைந்து ஓட்டுவார். தண்ணீர் சுருக்கம் சுருக்கமாக எழும். அந்தச் சுருக்கத்தைப் பார்த்துத்தான் விமானி உயரத்தை மட்டுக்கட்டுவார். கரையில் நின்று பார்ப்பவர்கள் இந்த மனுஷனுக்குப் பைத்தியம் என்று நினைப்பார்கள். "சும்மா கெடக்கிற தண்ணியோட சண்டைக்குப் போறதுதான் என்ட உத்தியோகம் புள்ள" என்பார் நானா. மழைக்கு மறுநாள் ஆற்றில் அடித்து வரும் மரக்கட்டைகளைப் பொறுக்குவதும் அவர் வேலைதான்.

என் வேலை பார்ப்பது. கெப்டன் முதல் நாளே மேடையில் நின்று எனக்கு அடையாளங்கள் காட்டித் தந்தார். எதிர்க்கரையில் பச்சைக் கதவு. அதற்குப் பின்னால் மேட்டில் பௌத்தப் பன்சலையின் வெள்ளைத் தாதுகோபம். அதையும் தாண்டிப் பள்ளிவாசல் மினாரா. கடைசியில், மேற்கு முகட்டில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கம்பி டவர். டவர் தெரிந்தால் கொழும்பிலிருந்து வரும் மலை இடுக்கு திறந்திருக்கிறது, வரலாம். தெரியாவிட்டால் வரக்கூடாது. கொழும்பில் எந்த இயந்திரம் என்ன சொன்னாலும், அந்த இடுக்கில் ஏழு மணிக்குப் பனிமூட்டம் நிற்கிறதா இல்லையா என்பதை இங்கே நிற்கிற ஒரு ஜோடிக் கண்தான் சொல்ல முடியும்.

"ஒண்டு மட்டும் தங்கச்சி. நீங்க இந்த ஊர்ப் பிள்ளை. உங்கட நினைவில டவர் எப்பவும் நிக்கும். கண்ணில நிண்டா மட்டும் சொல்லுங்கோ" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டுக் குசினி ஜன்னலுக்கு நேரே அதே டவர்தான். பல் விளக்குவதே அதைப் பார்த்துத்தான். எனக்கா பாடம்?

அந்த வருஷம் பருவமழை பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒரே வாரத்தில் மூன்று தரம் "தெரியல்ல கெப்டன்" என்றேன், மூன்று தரமும் விமானம் வரவில்லை. கொழும்பு அலுவலகத்திலிருந்து ஒருவர் பேசினார். சனிக்கிழமையும் வராவிட்டால் கண்டிச் சேவையை நிறுத்திவிட யோசிக்கிறார்கள் என்றார். போனை வைத்துவிட்டு நானும் நானாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வேலை போனால் வேறு கந்தோரில் வேலை தேடலாம். ஆனால் அந்த மேடை, அந்த வாசம், ஏழு மணிக் கேள்வி? இதை நான் எந்தக் கந்தோரில் போய்த் தேடுவேன்?

சனிக்கிழமை ஏழு மணி. பச்சைக் கதவு தெரிந்தது. தாதுகோபம் தெரிந்தது. மினாரா மங்கலாக நின்றது. முகட்டில் சாம்பல் நிறம். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தேன். அந்தச் சாம்பலுக்குள் நேராக ஒரு கோடு. சிவப்பு, வெள்ளை, சிவப்பு. சத்தியமாக ஒரு கணம் பார்த்தேன் என்றுதான் நினைத்தேன். மறுகணமே அது என் குசினி ஜன்னல் டவர் என்று எனக்குள் ஒன்று சொன்னது. அதற்குள் கெப்டன் கேட்டுவிட்டார்.

"டவர் தெரியுது கெப்டன்."

பக்கத்தில் நின்ற நசீர் நானா முகட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தண்ணீர் கலக்கப் படகில் ஏறிப் போனார்.

அரை மணித்தியாலத்துக்கு மேலிருக்கும். அதற்குள் மினாராவும் மறைந்துவிட்டது. தலைக்கு மேலே சத்தம் கேட்டது. சத்தம் மட்டும்தான். விமானம் மேகத்துக்கு அந்தப் பக்கம் சுற்றியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. நானா நடுத் தேக்கத்தில் படகின் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். முருகா, முருகா என்று கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கையிலிருந்த வயர்லெஸ் கரகரத்தது. "தங்கச்சி, டவர் இப்ப இருக்கோ?"

"இல்ல கெப்டன். மூடிருச்சு."

மூடிருச்சு என்றேன் பாருங்கள். திறந்திருந்ததுதானே மூடும். அந்த ஒரு சொல்லில் காலைப் பொய்யை நான் பத்திரப்படுத்திவிட்டேன். சத்தம் மேற்கே போய்த் தேய்ந்தது. கொழும்பில் பத்திரமாக இறங்கியதும் கெப்டன் போன் எடுத்தார். "முதல் தெரிஞ்சதுதானே?" "தெரிஞ்சது கெப்டன்." "ஓம், மலைநாட்டில கெதியா மாறும்தான்" என்றார். நம்பிவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், விமானி முயற்சியாவது செய்தார் என்று அலுவலகம் சமாதானமாகிவிட்டது. கண்டி தப்பியது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. இரவு படுத்தால் கூரைக்கு மேல் அந்தச் சத்தம் சுற்றியது. பத்து நாள் தாங்கினேன். ஒரு நல்ல வெயில் காலையில் கெப்டன் கொட்டிலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன்.

"கெப்டன், அன்னைக்கு டவர் தெரியவே இல்ல. தெரியுதுன்னு சும்மா சொன்னேன்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். அவர் கோப்பையைக் கதிரையில் வைத்தார். "அண்டைக்கு மேல என்னோட ஏழு பேர் தங்கச்சி" என்றார். அவ்வளவுதான். தேநீர் பாதியில் ஆறிக் கிடந்தது.

மறுநாள் ஏழு மணிக்குப் போன் வந்தது. "நானாட்டக் குடுங்கோ."

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். நான் எடுப்பேன், "நானாட்டக் குடுங்கோ" என்பார், கொடுப்பேன். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. பிறந்தநாளுக்குச் சொக்லட் பெட்டி கூடக் கொண்டுவந்து தந்தார். வானிலை மட்டும் என்னிடம் கேட்பதில்லை. நானா ஒவ்வொரு நாளும் முனகிக்கொண்டே சொல்வார்: "ஓ, டவர் ஈக்கி, தெரியுது கெப்டன்." போனைத் திருப்பித் தரும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார். "இந்த வேல எனக்கு எதுக்குப் புள்ள" என்று தண்ணீரைப் பார்த்துச் சொல்வார். நோன்புப் பெருநாள் போனது, பெரஹெரா ஊர்வலம் போனது, தீபாவளி போனது. ஒரு ஆளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கொடுக்க முடியுமா என்று எனக்குத் தெரியாது.

கடைசியில் கண்டியை நிறுத்தத்தான் செய்தார்கள். மழையால் அல்ல, ஏற ஆள் இல்லாததால். கடைசி விமானம் ஒரு வெள்ளிக்கிழமை. நசீர் நானா அத்தனை காலமும் விமானத்துக்குத் தண்ணீர் கலக்கினாரே தவிர, ஒரு நாளும் அதில் ஏறியதில்லை. கடைசி நாள் கண்டியை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவதாகக் கெப்டன் வாக்குக் கொடுத்திருந்தார். நானா இஸ்திரி போட்ட சட்டை, புதுத் தொப்பி, அத்தர் வாசத்தோடு ஆறு மணிக்கே வந்துவிட்டார். அவர் மனைவி, எங்கள் ராத்தா, கெப்டனுக்கென்று இனிக்க இனிக்க வட்டிலப்பம் செய்து கொடுத்தனுப்பியிருந்தார். தேக்கத்துக்கு மேலே நல்ல நீல வானம்.

ஏழு மணிக்குப் போன் வந்தது. வழக்கம்போல எடுத்து, "நானாட்டக் குடுக்குறேன் கெப்டன்" என்றேன்.

"வேண்டாம். உங்களைத்தான் கேக்கிறன். தங்கச்சி, கண்டி என்ன மாதிரி?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு பார்த்தேன். பச்சைக் கதவு இருந்தது. தாதுகோபம் இருந்தது. மினாரா பளிச்சென்று இருந்தது. முகட்டில் மட்டும் ஒரு கீற்றுப் பனி, அசையாமல் நின்றது. பத்து நிமிஷத்தில் கலைந்தாலும் கலையும். நானா தொப்பியைச் சரிசெய்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டரைக்கு விமானத்துக்குக் கொழும்பில் வேறு பயணம் இருந்தது, காத்திருக்க முடியாது. அதுவும் எனக்குத் தெரியும்.

"டவர் தெரியல்ல கெப்டன். வராதீங்க."

"சரி. நீங்க சொன்னாச் சரி" என்றார்.

நானா தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வட்டிலப்பத்தைத் திறந்து, பெரிய துண்டாக வெட்டி என்னிடம் நீட்டினார். "தின்னு புள்ள. நீ சொன்னது சரிதான், எனக்கும் தெரியல்ல" என்றார். இரண்டு பேரும் மேடையில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து தின்றோம். பனி கலைந்தபோது மணி ஒன்பதரை. அந்த வட்டிலப்பம் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள், உப்புக் கரித்ததுதான் நினைவிருக்கிறது.

கெப்டன் பிறகு வேறு நாட்டுக்குப் போனார் என்று கேள்வி. நான் அவரைப் பார்க்கவே இல்லை. நசீர் நானா கடைசி மூச்சுவரை விமானம் ஏறாமலே மௌத்தானார். மேடையை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள், கொட்டிலின் சிமெந்துத் தரை மட்டும் கிடக்கிறது.

நேற்று மாடித் தட்டில் ஏறி மேற்கே பார்த்தேன் என்றேனே. எங்கள் வீட்டுக்கு நேரே ஒரு ஹோட்டல் எழும்புகிறது, ஏழாவது மாடி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை தெளிந்த நாளானாலும் இனி முகடு தெரியாது. அக்கா மகனுக்குத் திரும்பப் போன் எடுத்தேன்.

"இங்கருந்து ஒண்ணும் தெரியல்ல தம்பி. உன் போன்ல இருக்கிறதப் பாத்து வா."

"சித்தி, நீங்க கண்டிலதானே இருக்கீங்க!" என்று சிரித்தான்.

கண்டியில்தான் இருக்கிறேன். அந்த ஹோட்டல் சுவருக்குப் பின்னால் டவர் சிவப்பும் வெள்ளையுமாக இன்னும் நிற்கும் என்று நினைக்கிறேன். ஆனால் நினைப்பை வைத்து நான் யாரையும் வரச் சொல்வதில்லை.