உப்புத் தண்ணீர் ஊற்றும் வேலை

மரக்கன்றுகளுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றுவதற்கு எனக்கு இங்கே சம்பளம் தருகிறார்கள். ஊரில் இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. சிசிலித் தீவில் ஓர் ஆராய்ச்சித் தோட்டம். அதற்குள் கண்ணாடிக் கூரை போட்ட நீளமான கூடம்; இத்தாலிக்காரர் அதை ‘ஸெர்ரா’ என்பார்கள். காலையில் போனதும் உப்பைத் தராசில் நிறுத்து, வாளித் தண்ணீரில் கரைத்து, வரிசையாக நிற்கும் எலுமிச்சை, தோடைக் கன்றுகளின் சட்டிகளுக்கு அளந்து ஊற்றுவேன். ஒரு வரிசைக்கு மட்டும் நல்ல தண்ணீர். மற்ற வரிசைகளில் இலை நுனி கருகத் தொடங்கினால் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். “பிராவோ” என்று என் தோளில் தட்டுவார்கள். மரம் வாடுவதற்குப் பாராட்டு வாங்கிய முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நானாகத்தான் இருக்க வேண்டும்.

நான் இலங்கையில், மட்டக்களப்புப் பக்கம் குருக்கள்மடத்துக்காரன். ஓஎல் சோதனைக்கு முன்பே பள்ளிக்கூடத்தை விட்டவன். பாசிக்குடாவில் ஹோட்டல் அறைகள் துடைத்தேன், கத்தாரில் குழாய் தூக்கினேன், சைப்பிரஸில் ஆடு மேய்த்தேன், பிறகு இங்கே வந்து சேர்ந்தேன். ஓரிடத்தில் நிற்காதவன் என்று ஊரில் சொல்வார்கள். சரிதான். ஆனால் எங்கள் பக்கத்து வழக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குப் போகும். ஆண் கலியாணம் முடித்தால் மனைவியின் வீட்டுக்குப் போவான். முடிக்காதவனுக்கு ஒரு மூலை கிடைக்கும், அவ்வளவுதான். அம்மாவின் வளவு தங்கச்சி சுகந்திக்குப் போனது. அவளுடைய புருசன் யோகன் வந்து குடியேறினான். எனக்கு அதில் வருத்தமில்லை. வாவிக் கரையோடு ஒட்டிய அந்த மணல் வளவில் தேசி, அதாவது எலுமிச்சை மரங்கள் நின்றன. காய்க்கும் காலத்தில் களுவாஞ்சிகுடிச் சந்தைக்கு யோகன்தான் கொண்டு போவான்.

அந்த மரங்கள் இப்போது இல்லை. மாரியில் வெள்ளம் ஏறினால் வட்டைகளில் நிற்கும் நெல்லைக் காப்பாற்ற வாவிக்கும் கடலுக்கும் இடையில் மணல் மூடிய ஆற்றுவாயை வெட்டி விடுவார்கள். வாவித் தண்ணீர் கடலுக்கு ஓடும். வெள்ளம் வடிந்ததும் அதே வழியால் கடல் உள்ளே வரும். முன்பும் வந்ததுதான். இப்போது வெயில் காலம் நீண்டு போய், வாவியின் உப்பு கரை மண்ணுக்குள் ஊறி, கிணறும் கரிக்கத் தொடங்கிவிட்டது. தேசிகள் ஒவ்வொன்றாய்ப் பட்டன. போன வருடம் யோகன் ஒரு தனியார் நாற்றுத்தோட்டத்தில் ஒட்டுக்கன்றுகள் வாங்கி நட்டான். நட்ட அன்று தொலைபேசியில் சொன்னான்: “மச்சான், இது கடைசி. இதுவும் பட்டுச்செண்டா நானும் வெளிநாடுதான். ஏஜென்சிக்காரனோட கதைச்சிட்டன்.” பின்னால் சுகந்தியின் குரல் கேட்டது: “ஓமோம், போங்க. அண்ணன் போய்க் கிழிச்சது காணாதெண்டு நீங்களும் போங்க.” மூவரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு முழுதாக வரவில்லை. ஒரு வீட்டில் தகப்பன் வெளிநாடு போனால் பிள்ளைகள் எப்படித் தொலைபேசித் திரையைத் தொட்டுப் பார்க்கும் என்று நான் கத்தாரில் பலரோடு இருந்து பார்த்தவன்.

அதனால்தான் ஸெர்ராவில் வேலை கிடைத்தபோது இது கடவுள் காட்டிய இடம் என்று நினைத்தேன். உப்பு, எலுமிச்சை, படித்த ஆட்கள். இவர்கள் உப்பைத் தாங்கும் மரத்தைத்தானே தேடுகிறார்கள்? பொறுப்பாயிருக்கும் எலேனாவை எல்லாரும் ‘தொத்தொரெஸ்ஸா’ என்பார்கள், டொக்டர் அம்மா மாதிரி. நல்ல மனுசி, என் உடைந்த இத்தாலியனைப் பொறுமையாகக் கேட்பார். ஒருநாள் கேட்டேன்: “இதில் எது வெல்லும்?” அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. “வெல்வதா?” என்று சிரித்து, ஒரு காட்போட் மட்டையில் படம் கீறினார். மரத்தின் ஒவ்வொரு சின்னத் துணுக்குக்குள்ளும் அது எப்படி வளர வேண்டும் என்ற கட்டளைகள் இருக்கின்றன, அவைதான் மரபணுக்கள். பழைய ஒன்றிலிருந்து பிரதியாகிப் பெருகி, சாயல் மாறாமல் கூட்டமாய் இருப்பவற்றை ஒரு குடும்பம் என்கிறார்கள். சாயல் ஒன்று, வேலை வேறு. ஒன்று உப்பு பட்டால் விழிக்கும். இன்னொன்று குளிருக்கு விழிக்கும். ஒன்று வேரில் மட்டும் பாடுபடும். சிலது எதற்கும் அசையாமல் கிடக்கும், ஏன் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கடைசியைக் கேட்டதும் என்னை எனக்கு நினைவு வந்தது. “உப்புக்கு யார் விழிக்கிறார் என்று பார்க்கிறோம்” என்றார். இலையை வெட்டி, புகை பறக்கும் குளிர்த் திரவத்தில் போட்டு, அரைத்து, இயந்திரத்தில் பார்ப்பார்களாம். “பிறகு மரம்?” என்றேன். மஞ்சள் பையைக் காட்டினார். வேலை முடிந்த கன்றுகள் அதற்குள் போய், அவிக்கப்பட்டு, குப்பையாகும். நன்றாய் நின்றதும் சரி, செத்ததும் சரி.

நான் கேட்க வந்தது வேறு. நல்லாய் நிற்கும் ஒரு கன்றை, ஒரு விதையையாவது எனக்குத் தர முடியுமா என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. பரிசோதனைப் பொருள் வெளியே போகக் கூடாது, எல்லை தாண்டிச் செடி கொண்டுபோவதும் குற்றம், நோய் பரவும் என்றார். அது நியாயம்.  அடுத்த நாளும் உப்பு நிறுத்தேன்.

இதற்கிடையில்தான் அது நடந்தது. வேலை நேரத்தில் சுகந்தி வீடியோ அழைப்பு எடுத்தால் நான் தொலைபேசியைச் சட்டியில் சாய்த்து வைத்துவிட்டு ஊற்றிக்கொண்டே கதைப்பேன். யோகன் பின்னால் நின்று பார்த்திருக்கிறான். புதிய தொகுதி வந்த முதல் நாட்கள் அவை; உப்பு ஊற்ற ஊற்றக் கன்றுகள் பச்சைப்பசேலென்று நின்றன. பட்டதும் அவற்றுக்கு என்ன நடக்கும் என்பதை அவன் பார்க்கவில்லை, நானும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. ஆவணி வெயிலில் சுகந்தி ஒருநாள் அழுதுகொண்டு எடுத்தாள்.

“அண்ணே, இவரு என்ன செஞ்சிருக்காரெண்டு கேளுங்க. கண்டெல்லாம் இலை கொட்டுது.”

யோகன் தொலைபேசியைப் பறித்தான். “என்னத்தச் செஞ்ச நான்? நீ ஊத்துற மாதிரித்தான் ஊத்தின. கிணத்துத் தண்ணிக்குள்ள வாவித் தண்ணி கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து. சின்னனிலயே பழக்கினா மறுகா நிக்குமெண்டு.”

“ஆரு மச்சான் உனக்குச் சொன்ன?”

“நீதான். சொல்லேல்ல, காட்டினாய். வெள்ளைக்காரன் காசு குடுத்து உன்னை வச்சு உப்பு ஊத்துறானெண்டா சும்மாவா? அவனென்ன விசரனா?”

 இங்கே கன்று வாடத்தான் ஊற்றுகிறார்கள் என்றேன்.  “சாகிறதுக்கெண்டா ஊத்துறாங்கள்?” என்று மெல்லக் கேட்டான். “ஓம்.” “அப்ப நம்மட வளவுக்கு வந்திருக்கலாமே. இஞ்ச சும்மாவே நடக்குது.”

கோபம் யார்மேல் என்று தெரியாமல், சுகந்தி அனுப்பியிருந்த கருகிய கன்றுகளின் படங்களைத் தொத்தொரெஸ்ஸாவிடம் காட்டினேன். காப்பாற்ற ஏதாவது சொல்வார் என்ற எண்ணம். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். “பெல்லிஸ்ஸிமோ” என்றார். மிக அழகாம். இயற்கையான உப்பு, இயற்கையான வெயில், இரண்டும் ஒரே நேரத்தில். ஸெர்ராவில் இப்படிச் செய்ய முடியாது. மைத்துனர் இலைகளை உலர்த்தி அனுப்புவாரா, அதற்கு வேண்டிய அனுமதியைத் தான் எடுக்கலாம் என்றார். “மரம்?” என்று மறுபடி கேட்டேன். நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவச் சொல்லு என்றார். நல்ல தண்ணீர் இருந்தால் ஏன் இந்தக் கதை? அதை இத்தாலியனில் சொல்ல முயன்றேன். அவர் தலையாட்டிவிட்டு, ஒரு போத்தல் குடிதண்ணீரை எடுத்து என்னிடம் நீட்டினார். எனக்குத் தாகம் என்று நினைத்திருக்கிறார். வாங்கிக் குடித்தேன்.

செத்த இலை அங்கிருந்து இங்கே வர வழி உண்டு. உயிருள்ள கன்று இங்கிருந்து அங்கே போக வழியில்லை. இதை யோகனிடம் சொன்னபோது அவன் பகிடியாகக்கூட எடுக்கவில்லை. “இலையை அனுப்பேலா எண்டு சொல்லு. இலையோட என்னையும் அனுப்புறதெண்டா வாறன்” என்றான். அடுத்த கிழமை பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்துவிட்டான். சுகந்தி என்னோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டாள்.

பிறகு மாரி வந்தது. மழை கொட்டி, வாவி நிரம்பி, வழக்கம்போல ஆற்றுவாயை வெட்டினார்கள். மழைத் தண்ணீர் மண்ணை நன்றாய்க் கழுவியிருக்க வேண்டும். ஒரு காலை நான் ஸெர்ராவில் கத்தரிக்கோலோடு நிற்கிறேன். அன்றைய வேலை, பெரிய ஒட்டுமரங்களில் ஒட்டுக்குக் கீழே முளைக்கும் தளிர்களை வெட்டுவது. அடிமரம் வேறு இனம், மேலே இருப்பது வேறு இனம். அடிமரம் தன் பாட்டுக்குத் தளிர் விட்டால் மேலே இருப்பது மெலிந்துபோகும். அதனால் கண்டதும் வெட்ட வேண்டும். அப்போது யோகனின் படம் வந்தது. பட்டுப்போன ஒரு குச்சி. அதன் அடியில், ஒட்டுக்கும் கீழே, மண்ணோடு சேர்ந்தாற்போல் முள்ளும் கொழுத்த பச்சை இலையுமாய் ஒரு தளிர். உடனே அழைத்தான்.

“மச்சான், எல்லாம் போச்சு. இது மட்டும் வருது. தேசி மாதிரியும் இல்ல, ஒரே முள்ளு. ஒட்டுக்குக் கீழ வந்தா வெட்டச் சொல்லித்தான் கண்டு வித்தவன் சொன்ன. வெட்டவா?”

“வெட்டாத.”

“காய்க்குமா?”

“தெரியா. ஆனா உப்புக்குச் சாகாம நிண்ட வேர் அது. கொஞ்சம் தடிச்ச பிறகு அதில தேசி ஒட்டலாம்.”

“அது தடிக்கும் மட்டும் ஆரு இஞ்ச நிக்கிற?”

 தூரத்தில் சுகந்தி, “கேக்குதா அண்ணே? ஆரு நிக்கிறதெண்டு கேக்குறாரு. உங்களிட்டயும்தான் கேக்குறாரு,” என்றாள்.

“வெட்டாத மச்சான்,” என்று மறுபடி சொன்னேன். சொல்லும்போதே என் வலக்கை தன் பழக்கத்தில் அடுத்த மரத்தின் அடிக்குப் போய், ஒரு முள்ளுத் தளிரைக் கத்தரித்து மஞ்சள் பைக்குள் போட்டது. விரலில் அதன் சாறு ஒட்டியிருந்தது. மணந்து பார்த்தேன். தேசி மணம்தான்.