கிணற்றோரத்து மரம் நீங்கலாக

ஒரு மாம்பழத்தை ஒன்பது பேருக்கு அறுத்தால் கதுப்பு யாருக்குப் போக வேண்டும், கொட்டை யாருக்குப் போக வேண்டும் என்று ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயம் எனக்கு மட்டும் கிடைக்கவில்லை. ஐம்பது வருஷம் ஆகப்போகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

எழுபதுகளில் முதலமடைப் பக்கம் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு இருந்தது. கேரளம் முழுக்கக் கொட்டுகிற மழை எங்கள் ஊருக்கு வரும்போது மட்டும் கை காலியாக வரும். மா மரத்துக்கு அந்த வறட்சிதான் பிடிக்கும். மற்ற ஊர்களில் பூ உதிர்ந்துகொண்டிருக்கும்போதே எங்கள் மரங்களில் காய் முற்றித் தொங்கும். அதனால் தோப்பைப் பூவிலேயே குத்தகைக்கு விட்டுவிடுவோம். குத்தகைக்காரர் மருந்தடிப்பார், காவல் போடுவார், பறித்து லாரியில் ஏற்றுவார். கடைசிக் காய் இறங்குகிறவரை மரம் அவருடையது. நம் வாசலில் நிற்கிற மரமானாலும் நாம் அண்ணாந்து பார்க்கலாம், அவ்வளவுதான்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. எந்தத் தோப்பை விட்டாலும் ஒரு மரத்தைச் சாமிக்கென்று நிறுத்திக்கொள்வார்கள். எங்களுக்கு அது கிணற்றோரத்து மரம். எங்களுக்கு என்று சொல்வதுகூடத் தப்பு. அது அப்பத்தாவுடைய மரம்.

என் அப்பாவின் அம்மாவான அப்பத்தாவுக்கு அப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. ஐப்பசி கார்த்திகையில் முட்டி வலி, முதுகு வலி என்று கட்டிலைவிட்டு எழுந்திருக்கமாட்டாள். மா பூத்ததும் அந்த வலியெல்லாம் எங்கே போகும் என்று தெரியாது. விடிந்ததும் கிணற்றோரம் போய் நின்று காதைக் கொடுத்துக் கேட்பாள். பூவில் ஈ மொய்க்கிற சத்தம் கேட்டால் முகம் மலர்ந்துவிடும். ஈ மொய்த்தால்தான் பிஞ்சு பிடிக்கும். பிஞ்சு பிடித்ததும் அண்ணனுடைய மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, "கெழக்கால கெளையில ரெண்டாவது இருக்குது பாரு, அது உன்றது," என்று பத்திரம் எழுதாமலே சொத்தைப் பிரித்துக் கொடுப்பாள். மாரியம்மனோடு அவளுக்கு இருந்தது பக்கத்து வீட்டுப் பழக்கம். "ஏனாத்தா, போன வருசம் காய் புளிப்புன்னு பேசிக்கிட்டாங்க. இந்த வருசம் சித்தெ பார்த்துப் பண்ணு," என்று மரத்தடியிலிருந்தே கோவில் திக்கைப் பார்த்துப் பேசுவாள்.

பங்குனியில் மாரியம்மன் திருவிழாவுக்கு நோம்பி சாட்டுவார்கள். கோவிலுக்கு முன்னால் மூன்று கவையுள்ள மரம் ஒன்றை வெட்டிக்கொண்டுவந்து நடுவார்கள். அதற்குக் கம்பம் என்று பேர். மாவிளக்கு எடுக்கிற நாள்வரை காலையில் பெண்கள் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட குடத்தோடு போய்க் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். அப்பத்தா சின்னச் சொம்போடு போவாள். ஊற்றுவதற்கு ஒரு நிமிஷம், போய்வர ரெண்டு மணி நேரம். ஊரில் எவன் மருமகள் எவனை எப்படி வைத்திருக்கிறாள் என்பதெல்லாம் அந்த ரெண்டு மணி நேரத்தில்தான் முடிவாகும்.

கம்பம் நட்ட அன்றைக்கு அப்பத்தா கிணற்றோரத்து மரத்தில் ஒரு காய் பறிப்பாள். கொள்ளுப் பானைக்குள் புதைத்து வைப்பாள். மாவிளக்கு நாளுக்கு அது சரியாகப் பழுத்து நிற்கும். அம்மனுக்கு வைத்துவிட்டு, எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்து அறுத்து, அவள் கையாலேயே வாயில் வைப்பாள். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் மாம்பழம். அதுவரைக்கும் பொள்ளாச்சியிலிருந்து யாராவது வாங்கிவந்தாலும் மாட்டுக்குத்தான். வருஷம் முழுக்க அந்தக் கிழவி காத்திருந்தது இந்த ஒரு காலைக்காகத்தான். ஒருவர் வாயிலும் பழம் தப்பாமல் வைத்தோமா என்று பார்த்துவிட்டு, கடைசியில் விரலை நக்கிக்கொண்டு சிரிப்பாள்.

இப்போது நான் வருகிறேன். அதாவது கேடு வருகிறது.

பாலக்காட்டுக் காலேஜில் பி.காம். மூன்றாவது தடவையில் தேறியிருந்தேன். பெல்பாட்டம் போட்டுக்கொண்டு தோப்புக்குள் நடப்பேன். இலந்தை முள் அந்த அகலக் காலைப் பிடித்து இழுக்கும். ஒரு பாட்டம் கிழிந்து பாட்டமில்லாமல் திரிந்ததும் உண்டு. அதுவரை எங்கள் அய்யன், அதாவது அப்பா, குத்தகையை வாய்வார்த்தையில்தான் விடுவார். "கெணத்தோரத்து மரம் நீங்கலா" என்பார், அவர்கள் தலையாட்டுவார்கள், முடிந்தது. அந்த வருஷம் நான் குறுக்கே விழுந்தேன். வாய்வார்த்தை காற்றோடு போகும், முத்திரைப் பத்திரத்தில் கரார் எழுதியே ஆக வேண்டும் என்றேன். படித்த பையன் சொல்கிறானே என்று அய்யன் விட்டுவிட்டார். கரார் எழுதியவனும் நான்தான். "மேற்படி தோட்டத்திலுள்ள சகல மாமரங்களும், அவற்றின் பூவும் பிஞ்சும் காயும் கனியும்" என்று ஒரு வரி. அந்த வரியை நாலு தடவை உரக்கப் படித்துப் பார்த்தேன். காலேஜில் எனக்குப் பாஸ் மார்க்கு போட மறுத்தவர்களை நினைத்துப் பரிதாபப்பட்டேன்.

கம்பம் நட்ட அன்று காலையில் அப்பத்தா கிணற்றோரம் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். கை காலி.

"காவக்காரப் பையன் தொடக்கூடாதுங்கறான்," என்றாள். ஏதோ வெயில் ஏறிவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. என் அப்பத்தாவைத் தடுக்க எவனோ உடுமலைப் பக்கத்திலிருந்து வந்த காவல்காரனுக்கு என்ன தைரியம். சாப்பிட்டுக்கொண்டிருந்த களியை விட்டுவிட்டுப் போனேன். அவன் கிணற்றுமேட்டில் உட்கார்ந்து சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தான். என் வயசுதான் இருக்கும். எழுந்து நின்றான்.

"அது சாமி மரம்டா. எங்க அப்பத்தா வெச்ச மரம்."

"இருக்குமுங். ஆனா மொதலாளி எல்லா மரமும்னு சொல்லியிருக்கார்ங்."

"நான் சொல்றேன், விடு."

"நீங்க சொன்னா ஆகாதுங். மொதலாளி சொல்லோணும். என்றகிட்டக் காவல்னு உட்டிருக்காங்க. ஒரு காய் போனாலும் என்றமேலதானுங் வரும்."

சரளமாகத் திட்டினேன். தமிழில் கொஞ்சம், மலையாளத்தில் கொஞ்சம், தெரிந்த இங்கிலீஷ் முழுவதும். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முடிஞ்சுதுங்களா?" என்றான். அந்தக் கேள்வியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது.

வீட்டுக்கு வந்து ஆளாளுக்கு யோசனை சொன்னோம். பொள்ளாச்சிச் சந்தையில் முதல் தரமாக ஒன்று வாங்கிவருகிறேன் என்றேன். அண்ணன், குத்தகைக்காரரிடம் போய்க் கேட்டால் ஒரு கூடையே தருவார் என்றான்.

அப்பத்தா வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டாள். "கேட்டு வாங்கியாந்து வெக்கறதுக்கு ஆத்தா என்ன ஒறம்பரையா வந்த விருந்தாளியாடா? ஊட்டுக்காரி. அவ மரத்துக் காயை அவளுக்கு வெக்க நான் எவன்கிட்டக் கையேந்தறது?"

"அப்ப இந்த வருசம் பழம்?" என்றாள் அண்ணி.

"இல்லை."

"நமக்கும் இல்லீங்களா?" என்றேன். என் குரல் தழுதழுத்தது. அம்மனுக்காகத் தழுதழுத்தது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள், நானும் திருத்தவில்லை.

அப்பத்தா சொம்பை எடுத்துக்கொண்டு கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள். அழுதிருந்தால் தேறுதல் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கொள்ளுப் பானையை அன்று சாயங்காலம் தூக்கிப் பரண்மேல் வைத்தாள். அதைப் பார்த்துவிட்டு அம்மா அடுப்படிக்குள் போய் மூக்கைச் சிந்தினாள். எனக்குக் குத்தகைக்காரர்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சாமி மரத்தைக்கூட விடாத பேராசைக்காரன் என்று டீக்கடை, ரேஷன் கடை, பஸ் ஸ்டாப் மூன்றிலும் பேசிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் அவருடைய லாரி வந்து தோப்புமுன் நின்றது. பறிக்க வந்த ஆட்கள் பன்னிரண்டு பேரும் நம்மூர்க்காரர்கள். வலை கட்டிய தொரட்டிகளை வேலியில் சாத்திவிட்டுத் தடத்தில் குந்திக்கொண்டார்கள். அவர்களுடைய மேஸ்திரி, "கம்பம் நட்டாச்சுங்க. சாமி மரத்துல மொதக் காய் எறங்காம நாங்க மத்த மரத்துல ஏறமாட்டோமுங்க. ஏறி உழுந்தா எங்க ஊட்டுல யாருங்க கஞ்சி ஊத்துவா?" என்று சொல்லிவிட்டார். லாரிக்காரன் ஹாரனை அடித்தான். யாரும் எழுந்திருக்கவில்லை.

அரைமணி நேரத்தில் குத்தகைக்காரர், மேஸ்திரி, காவல்காரன் எல்லாரும் எங்கள் வாசலில் நின்றார்கள். குத்தகைக்காரர் அம்பது வயசுக்காரர், நெற்றியில் திருநீறு.

"ஆத்தா, நீங்க போய் ஒரு காய் பறிச்சுக்குங்க. நான் வேண்டாம்னா சொல்லுவேன்?"

நான் முந்திக்கொண்டேன். "இப்ப லாரி நின்னதும் புத்தி வருதா? சாமி மரத்தை அமுக்கிக்கலாம்னு பார்த்தீங்களே?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அய்யனைப் பார்த்தார். "ஏனுங்க, உங்க பையன் ஊட்டுல ஒண்ணும் சொல்லலீங்களா? கரார் எழுதறப்ப நானேதானுங்களே கேட்டேன், சாமி மரம் எதாச்சும் நீக்கி எழுதோணுங்களான்னு. 'வியாபாரத்துல சாமியை இழுக்கக்கூடாது, சகல மரமும் சகல மரம்தான்'னு தம்பிதானுங் சொல்லிச்சு."

சொன்னேன். இதை இந்தக் கட்டுரையில் இவ்வளவு தூரம் சொல்லாமல் வந்ததற்குக் காரணம், அன்றைக்கும் இவ்வளவு தூரம் சொல்லாமல்தான் இருந்தேன். அந்தச் 'சகல' என்ற சொல்லில் ஓட்டை விழுந்துவிடக் கூடாது என்று ஒரு பிடிவாதம். தவிர, சாமி மரத்தைச் சொன்னால் பட்டிக்காட்டான் என்று நினைத்துவிடுவாரோ என்று ஒரு கூச்சம்.

அண்ணன் இருமினான். அது இருமல் இல்லை.

அப்பத்தா என்னைத் திட்டவில்லை. குத்தகைக்காரரிடம், "மரம் உங்களுதுங்க. என்ற பேரன் எழுதிக் குடுத்துட்டான். இனி நான் பறிச்சா திருட்டு. நீங்க குடுத்தா பிச்சை. ரெண்டும் அம்மனுக்கு ஆவாது," என்றாள்.

மேஸ்திரி கக்கத்தில் துண்டை இடுக்கிக்கொண்டு, "அப்ப நாங்க ஊட்டுக்குப் போகட்டுங்களா?" என்றார்.

குத்தகைக்காரர் தலையைச் சொறிந்தார். "என்னதானுங் பண்ணோணும், சொல்லுங்."

"எழுதித்தானே போச்சு. எழுதியே வரட்டும்," என்றாள் அப்பத்தா. என் பக்கம் திரும்பினாள். "பி.காமு, அந்தக் காயிதத்தை எடுத்தா."

எடுத்துவந்தேன். அத்தனை பேர் பார்க்க, தரையில் சம்மணம் போட்டு, என் அருமையான வரிக்குக் கீழே, "கிணற்றோரத்து மரம் நீங்கலாக" என்று எழுதினேன். பேனா மை வேறு அன்றைக்குத்தான் கசிந்தது. அப்பத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. மேஸ்திரியின் மகன் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். பறிக்க வந்தவர்களில் அவனும் இருந்தான். அவனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னாள். நான் எழுதியதை நான் வாசித்தால் நம்பமாட்டாளாம். அவன் எழுத்துக்கூட்டி வாசித்து முடித்ததும் குத்தகைக்காரர் கையெழுத்துப் போட்டார்.

அப்பத்தா கிணற்றோரம் நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம். கிழக்குக் கிளையில் ஒரு காயைத் தொட்டுப் பார்த்து, காம்போடு ஒடித்து மடியில் கட்டிக்கொண்டாள். மேஸ்திரியின் ஆட்கள் தொரட்டியை எடுத்தார்கள். பரணிலிருந்து கொள்ளுப் பானை இறங்கியது. ஒரு நாள் பிந்திப் பறித்தாலும் அப்பத்தா தினம் பானைக்குள் கையை விட்டுத் தடவி, "ஆத்தா, சித்தெ சுருக்காப் பழுக்கட்டும்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கம்பத்துக்குப் போய்வர இப்போது மூன்று மணி நேரம் ஆயிற்று. ஊருக்குப் புதிதாகப் பேச ஒரு பேரன் கிடைத்திருந்தான்.

மாவிளக்கு நாளில் பழம் மஞ்சளேறி வாசலுக்கே மணத்தது. அம்மனுக்கு வைத்துவிட்டு வந்து அப்பத்தா அரிவாள்மணையில் உட்கார்ந்தாள். வீட்டில் நாங்கள் ஏழு பேர். குத்தகைக்காரரையும் காவல்காரனையும் கூப்பிட்டனுப்பியிருந்தாள். ஒன்பது. பறித்தவர்களுக்கு அதே மரத்துக் காய் முன்னமே ஒரு கூடை போயிருந்தது.

ஒரு கதுப்பைக் கீறிக் கீறி அண்ணன் மகளில் தொடங்கி ஒவ்வொரு வாயிலும் வைத்தாள். குத்தகைக்காரர் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார். அவளும் ஒரு சிறு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். மற்றக் கதுப்பு முழுசாக அப்படியே இருந்தது. நான் வாயைத் திறந்து வைத்திருந்தேன்.

அது காவல்காரன் கைக்குப் போயிற்று. எனக்குக் கொட்டை.

"அப்பத்தா, உங்களையே தடுத்தவனுங்க அவன்," என்றேன். நியாயமான கோபத்தில் என் மூக்கு துடித்தது.

"ஆமா, தடுத்தான்," என்றாள். "அவன் மரத்தைக் காத்தான். நீ என்ன பண்ணுனே?"

காவல்காரன் என்னைப் பார்த்தபடியே கதுப்பைக் கடித்தான். சாறு முழங்கைவரை வழிந்தது. அப்பத்தா எல்லார் வாயையும் ஒருமுறை பார்த்துவிட்டு, விரலை நக்கிக்கொண்டு சிரித்தாள். நான் கொட்டையைச் சூப்பினேன். நார் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது. அந்த வருஷம் அந்த மரத்துக் காய் துளிகூடப் புளிக்கவில்லை என்பது கூடுதல் அநியாயம்.