அதே சொட்டு மருந்து

மருந்துக்கடையில் வாயால் மருந்து கேட்பவர்களைவிடக் காலி பாட்டிலை நீட்டுகிறவர்கள்தான் அதிகம். என்னைப்போல மருந்துக்கடை மேஜைக்குப் பின்னால் நின்று காலம் தள்ளிய உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு கடையில் நின்றேன். அங்கே தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கட்டட வேலைக்கு வந்த தமிழர்கள் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள்.

காலி பாட்டில்

சரசு கோபிநத்தத்துக்காரி. புருஷன் பழனிக்கு சென்ட்ரிங் வேலை, இவள் சித்தாள். இடுப்பில் பத்து மாதக் கவிதா. பிள்ளையின் காதில் பஞ்சு, பஞ்சில் மஞ்சளாகச் சீழ். டாக்டர் சீட்டு நான்கு மாதத்துக்கு முந்தியது. அதுவும் மழையில் போய்விட்டது. பாட்டில் மட்டும் இருந்தது. இதே சொட்டு மருந்தை இதற்கு முன் இரண்டு முறை எடுத்துக் கொடுத்தவன் நான்தான். மறுபடி டாக்டரிடம் காட்டு என்று சொல்லிக்கொண்டே மூன்றாவதையும் எடுத்து வைத்தேன்.

"அங்க போனா கன்னடத்துல என்னென்னமோ கேக்கறாங்க. நீங்கன்னா ஒண்ணுமே கேக்காம குடுப்பீங்கண்ணா."

மிச்சம்

ஒருமுறை கவிதாவின் காய்ச்சலுக்கு ஒரு டாக்டர் ஆன்டிபயாடிக் பொடி எழுதியிருந்தார். கொதித்து ஆறிய தண்ணீரைக் கோடுவரை ஊற்றிக் கலக்க வேண்டும், சொன்ன நாள்வரை கொடுக்க வேண்டும், மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். பழனியிடம் இரண்டு முறை சொன்னேன். இரண்டு முறையும் தலையாட்டினான். மூன்றாம் நாள் காய்ச்சல் நின்றதும் மருந்தையும் நிறுத்திவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்துக் காதில் மறுபடி சீழ் வடிந்தபோது, கூரையில் செருகி வைத்திருந்த அந்தப் பாதி பாட்டிலை எடுத்து ஊட்டியிருக்கிறார்கள். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். பழனி முழுக்கக் கேட்டான்.

"மறுக்கா டாக்டர்கிட்ட போனா அன்னிக்கு வேலைக்குப் போக முடியாதுங்க. மேஸ்திரி வேற ஆள நிறுத்திருவான். நீங்க கத்துறதக் கேக்கறதுக்கு லீவு போட வேண்டியதில்ல பாருங்க."

ஷட்டர்

கவிதா பால் குடித்ததும் கக்குவாள். சரசுவின் தோளில் எப்போதும் புளித்த வாடை. கக்கிவிட்டு முதுகை வில்லாக வளைத்து அழுவாள். அதற்கு சரசு ஓமத்தண்ணீர் கேட்டு வந்தாள். முதலில் காதைக் காட்டு என்று நான் ஆரம்பித்ததும் முதலாளி குறுக்கே விழுந்து, "நீனேனு டாக்டரா?", நீ என்ன டாக்டரா என்று கன்னடத்தில் அதட்டினார். எடுத்துக் கொடுத்தேன்.

அந்த நேரம் பக்கத்துக் கடை ஷட்டர் கை நழுவி இடிபோல விழுந்தது. நான் துள்ளினேன். முதலாளியின் கையிலிருந்த காபி சிந்தியது. கவிதா மட்டும் திரும்பவில்லை. என் சட்டைப்பையிலிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரசுவுக்கு ஒரே பெருமை.

"எதுக்குமே பயப்பட மாட்டாளுங்க இவ."

கேள்வி

கடை விடுமுறையன்று நானே அவர்களைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். அந்த அம்மாள் விளக்கைப் போட்டுப் பார்த்தார். ஒரு செவிப்பறையில் ஓட்டை, இன்னொன்றின் பின்னால் நீர். இரண்டு காதும் மந்தம். பிறகு, பால் எப்படிக் கொடுக்கிறாள் என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன். இத்தனை மாதத்தில் நானும் கேட்காத கேள்வி.

கட்டடத்தில் சேலைத் தூளி கட்டி, பிள்ளையை மல்லாக்கப் போட்டு, புட்டிக்கு மடித்த துணியை முட்டுக் கொடுத்துவிட்டு, சரசு சட்டி சுமக்கப் போய்விடுவாள். பிள்ளை குடித்தபடியே தூங்கிவிடும். தொண்டையிலிருந்து காதுக்குப் போகும் குழாய் குழந்தைகளுக்குக் குட்டையானது, படுக்கைவாக்கில் இருப்பது. வயிற்றிலிருந்து மேலே வரும் புளித்த பால் அதில் ஏறியிருக்கலாம் என்றார் டாக்டர். மடியில் நிமிர்த்தி வைத்துக் கொடு, அரை மணி நேரம் தோளில் போட்டுக்கொள் என்றார். கடைசியில் சொட்டு மருந்து பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, ஓட்டை விழுந்த காதில் இது உள்ளே இறங்கிக் கெடுக்குமே, யார் ஊற்றச் சொன்னது என்று கேட்டார். அதையும் நானே மொழிபெயர்த்தேன். சரசு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இந்தண்ணன்தானுங்க. எங்களுக்கு இங்க இவருதான் டாக்டரு."

கவிதாவுக்கு ஒரு காது தேறியது, ஒன்று தேறவில்லை; அதற்கப்புறம் காலி பாட்டிலை நீட்டுகிறவர்களிடமெல்லாம் நான் கேள்வி கேட்கத் தொடங்கியதால் பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள், அங்கே ஒன்றும் கேட்காமல் அதே மருந்தைக் கொடுக்கிறார்கள்.