தம்பியின் ‘ஓம்’

தம்பிக்கு முதன்முதலில் வாய்த்த சொல் ‘ஓம்’; ஆம் என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல். அப்போது அவனுக்கு ஏழு வயது, எனக்குப் பத்து. ஓட்டிசம் உள்ள பிள்ளை, கதைக்கவே மாட்டானோ என்று வீடே ஏங்கிக் கிடந்தபோது, பள்ளிக்கூடத்து விசேட கல்வி வகுப்பு ரீச்சர் ஒரு வருடம் பாடுபட்டு அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து எடுத்துவிட்டார். அவனுக்கென்று எழுதிய கல்வித் திட்டத் தாளில், ‘கேட்டால் ஓம் என்று பதில் சொல்லுவார்’ என்ற இலக்குக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சரி விழுந்தது. சந்நிதி கோயிலில் ஒரு மாமி அவன் ஓம் என்றதைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிள்ளை பிரணவத்தோடு வாய் திறந்திருக்கிறது என்றார்.

எனக்கும் அந்த ஓம் ஒரு வரம்தான். பனங்கட்டி குறைந்தாலும் அம்மாவின் சீப்பு முறிந்தாலும் தம்பியின் பக்கம் திரும்பி, நீதானே என்று கேட்பேன். ஓம் என்பான். அவனை யாரும் அடிக்கப்போவதில்லை, ஆகவே யாருக்கும் நட்டமில்லை என்பது என் நியாயம். அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பார், பிறகு தன் வேலைக்குத் திரும்பிவிடுவார்.

பிறகொருநாள் பள்ளிக்கூடத்தில் யாரோ குழாயைத் திறந்துவிட்டுப் போக, தாங்கித் தண்ணீர் முழுக்க ஓடி மண்டபம் நனைந்துவிட்டது. பெடியள் தம்பியைக் கைகாட்டினார்கள். பள்ளிக்கூடத்து அதிபர் கேட்டபோது அவனும் ஓம் என்றான். அடுத்த பள்ளித் தவணை முழுக்க அவனை வீட்டிலேயே வைத்திருக்கும்படி கடிதம் வந்தது. அம்மா அதை இரண்டு தரம் வாசித்தார். மறுநாள் என்னை என் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் தன்னோடு அந்த அதிபரிடம் கூட்டிக்கொண்டு போனார். தம்பியின் கையைப் பிடிக்க ஆள் வேண்டுமாக்கும் என்று நினைத்தேன்.

அந்தக் காலை இப்போதும் எனக்கு அரைத் தூக்கத்தில் கண்டது போலத்தான் இருக்கிறது. தொண்டைமானாற்றுப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. யன்னலால் வேப்பம்பூக்கள் பறந்துவந்து அதிபரின் மேசையில் விழுந்தன. மின்விசிறி மெதுமெதுவாகச் சுற்ற, தம்பி அதைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தான். பெரியவர்களின் பேச்சு எங்கேயோ தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல எனக்குக் கேட்டது. அம்மா தம்பியின் பக்கம் குனிந்தார்.

“தம்பி, சந்நிதித் தேரை நீயோ தனிய இழுத்தனி?”

“ஓம்.”

“இந்தப் பள்ளிக்கூடத்தை விழுங்கினதும் நீயோ?”

“ஓம்,” என்றான், விசிறியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பக்கத்தில் இருந்த ரீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, கடிதத்தை மறந்துவிடச் சொன்னார். ஆனால் அம்மா எழும்பவில்லை. அடுத்த தவணைக்கான தாளைக் கேட்டார். நிறங்களை அடுக்குவது, பத்து நிமிடம் அசையாமல் இருப்பது என்று அதில் எழுதியிருந்தது. அதெல்லாம் ஆறுதலாக வரட்டும், முதலில் அவனுக்கு ‘இல்லை’ சொல்லப் பழக்குங்கள் என்றார். ரீச்சர் தயங்கினார். மறுக்கப் பழகிய பிள்ளை எல்லாவற்றுக்கும் அடம்பிடிக்கும், வகுப்பில் சமாளிக்க முடியாது என்றார்.

“பிடிக்கட்டும் ரீச்சர்,” என்றார் அம்மா. “ஆர் என்ன கேட்டாலும் ஓம் எண்டு சொல்லுற பிள்ளையை நான் ஆரை நம்பி விட்டிட்டுப் போறது?”

சொல்லிக்கொண்டே ஒரு கையால் என் தலையில் விழுந்திருந்த வேப்பம்பூவை எடுத்துவிட்டார். ரீச்சர் பேனையை எடுத்தார்.

வீட்டிலும் பழக்கினோம். வாழைப்பழத்தைக் காட்டி, இது மாம்பழமோ என்று கேட்போம். மாதக்கணக்காக அது மாம்பழமாகவே இருந்தது.

மாரி தொடங்கிய ஒரு பின்னேரம், அப்பாவின் போன் என் கையிலிருந்து நழுவிக் கிணற்றுக்குள் போய்விட்டது. சத்தம் கேட்டு அம்மா வந்தார். பழக்கதோஷம், உடனே தம்பியிடம் திரும்பினேன்.

“நீதானே போட்டனி?”

அவன் கிணற்றைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“இல்லை.”

அம்மா அப்படியே கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டார். “திருப்பிக் கேள், பிள்ளை,” என்றார். கேட்டேன். மறுபடியும் இல்லை என்றான். இன்னொரு தரமும் கேட்கச் சொன்னார். அவருடைய கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. போன் போன கவலையாக்கும் என்று நினைத்தேன். அடி விழாமல் தப்பியதே எனக்குப் போதுமாயிருந்தது.

தம்பிக்கு இப்போது இருபது வயது. பிட்டுக்கும் இல்லை, புதுச் சட்டைக்கும் இல்லை என்று வீட்டை ஆட்டிப்படைக்கிறான். அவனிடம் ஓம் வாங்கிப் பிழைத்தவர்களில் முதல் ஆள் நான் என்பது அம்மாவுக்குத் தெரியாது என்றும், அன்றைக்கு அவன் கையைப் பிடிக்கத்தான் என்னைக் கூட்டிப்போனார் என்றும் கனகாலம் நம்பியிருந்தேன். ஆனால் அந்த அறையில் அவன் கையை முழு நேரமும் பிடித்திருந்தது அம்மாதான்.