ஸ்கொட்லாந்துப் பிரபுவும் என் நாக்கும்

தொண்ணூறுகளின் நடுவில், ஊர்ப் போருக்குத் தப்பி வந்த நானும் மனைவியும் ஜெர்மனியின் ஹம் நகரில் மாலைநேர ஜெர்மன் வகுப்புக்குப் போனோம். பகலில் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குபவன் நான். ஆனாலும் ஊரில் வரலாறு படித்தவன் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

வகுப்பு முடியும் வாரத்தில் ஒவ்வொருவரும் ஒரு சிறு உரை நிகழ்த்த வேண்டும் என்றார் ஆசிரியை.

“இடியப்பம் அவிக்கிறதைப் பற்றிச் சொல்லுங்கோவன்,” என்றாள் மனைவி.

“அதை ஆரும் சொல்லுவினம். நான் ஆரெண்டு காட்ட வேணும்.”

நூலகத்தில் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டி, மத்தியகால ஸ்கொட்லாந்துப் பிரபு ஒருவரைப் பிடித்தேன். தகப்பன் பிரபு, பாட்டனும் பிரபு. அரசனோடு பகைத்து, கோட்டையை இழந்து, கடல் கடந்து ஓடியவர்.

ஜெர்மன் மொழியில் அப்படிப்பட்ட பிரபு ‘கிராஃப்’. அந்த ‘ஃப்’ என் வாயில் வெறும் ‘ப்’ ஆகிவிடும். ‘கிராப்’ என்றால் புதைகுழி. இது எனக்கு உறைக்கவேயில்லை.

உரை நாளன்று, கலியாணத்துக்குத் தைத்த கோட்டுப் போட்டுக்கொண்டு எழுந்தேன். “இவர் ஒரு புதைகுழி. தகப்பனும் புதைகுழி. பாட்டன் மிகப் பெரிய புதைகுழி. இவர் இன்னொரு புதைகுழியின் மகளை மணந்தார்.”

வகுப்பே தலைகுனிந்தது. ஆசிரியையின் கண் கலங்கியது. என் பேச்சுவன்மை என்று நினைத்துக் குரலை உயர்த்தினேன். பின்வரிசையில் மனைவி முகத்தை மூடிக் குலுங்கினாள். பக்கத்திலிருந்த போலந்துப் பெண் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

“எல்லோரும் போரிலா இறந்தார்கள், உங்கள் உறவினர்கள்?” என்று மெதுவாகக் கேட்டார் ஆசிரியை.

“உறவினரா? இவர்கள் ஸ்கொட்லாந்துக்காரர்!”

மனைவி சிரிப்பை அடக்க ஏலாமல் எழுந்து, அந்தச் சொல்லைச் சரியாக உச்சரித்துக் காட்டினாள். வகுப்பு வெடித்துச் சிரித்தது. எனக்குக் கோட்டுக்குள் வியர்த்து ஊற்றியது. வேறு வழியில்லாமல் நானும் சிரித்தேன்.

போலந்துப் பெண் மட்டும் வாசலில் என்னை நிறுத்தினார். “ஓடிப்போன அந்தப் பிரபு திரும்பி ஊருக்கு வந்தாரா?”

“இல்லை. மகன்தான் போனான். கோட்டையும் அவனுக்குத்தான் கிடைத்தது.”

அவர் மெல்லத் தலையசைத்தார். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் கேட்க ஒரு ஆள் கிடைத்த சந்தோசத்தில், பேரன் யாரைக் கட்டினான் என்று விளக்கத் தொடங்கினேன்.

மனைவி என் கையைப் பிடித்து இழுத்தாள். “கதைச்சது காணும். வாங்கோ, பஸ் வந்திட்டுது.”